ஒரே 25 கிறே கதிர், பிரிக்கிற விதம் வேற: எலிக்குட்டியின்ர கால் என்பில என்ன நடக்கும்?

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து கதைக்கிறன். கம்பஸில மருத்துவம் படிக்கிற பிள்ளையளுக்கு இண்டைக்கு வளர்ற என்பும் கதிரும்.

இந்தப் படத்தைப் பாருங்கோ. எலிக்குட்டியின்ர கணைக்கால் என்பு, முழங்காலுக்குக் கிட்ட வெட்டின சீவல். சில்லறைக் காசை அடுக்கின மாதிரி கலங்கள் நிரையா நிக்குதெல்லோ, வளர்ச்சித்தட்டில கலம் பிரியிற இடம் இதுதான். நீளம் கூடுறதும் இங்க, கதிர் பட்டா முதல்ல அடிவாங்கிறதும் இங்க. நிரை குலைஞ்சு, கலம் குறைஞ்சு போகும். 1903இலயே பேர்த்தெஸ் எண்ட ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர், எக்ஸ்றே பட்ட கோழிக்குஞ்சுச் செட்டை குட்டையாப் போறதைக் காட்டிப்போட்டார்.

இப்ப கணக்கு. மொத்தம் 25 கிறே (உடம்பு உள்வாங்கிற கதிரை அளக்கிற அலகு). 5 கிறேப்படி 5 தரம் குடுக்கலாம், 1.25 படி 20 தரமும் குடுக்கலாம். அல்பா/பீற்றா, அதாவது ஒரு தரத்தில விழுற டோஸின்ர அளவு கலத்தை எவ்வளவு பாதிக்கும் எண்டதைக் காட்டுற எண், 4 எண்டு வைப்பம். முதலாவதின்ர தாக்கம் 25 × (1 + 5/4), அதாவது 56.25. மற்றது 25 × (1 + 1.25/4), 32.8. மொத்த டோஸ் மாறேல்லை, தாக்கம் 40 வீதத்துக்கு மேல இறங்கீட்டுது. இடைவெளியில கலம் தன்ர டீஎன்ஏயைத் திருத்திக்கொள்ளுது, அதுதான் விசயம். குறைஞ்சது 6 மணித்தியாலம் விடோணும், நெருக்கிக் குடுத்தா பிரிச்ச பலன் குறைஞ்சிடும்.

சறுக்கிற இடம் இனித்தான். 5 தரம் ஒரு கிழமையில முடியும். 20 தரம், கிழமைக்கு 5 எண்டா 4 கிழமை. பால்மறந்த எலிக்குட்டி படுவேகமா வளரும், பிறகு வேகம் குறைஞ்சுகொண்டே போகும். கடைசி டோஸ் விழேக்க கெடுக்கிறதுக்கு மிச்ச வளர்ச்சியே குறைவு. அப்ப கால் நீளமா இருக்கிறது டோஸ் சின்னன் எண்டதாலயோ, வயசு ஏறினதாலயோ? பிரிச்சறிய ஏலாது. என்னைக் கேட்டா, ரெண்டு குழுவுக்கும் 5 நாள்தான். ஒண்டுக்கு நாளுக்கொருக்கா 5 கிறே, மற்றதுக்கு காலமை 2.5, பின்னேரம் 2.5. ரெண்டாவதின்ர தாக்கம் 40.6. வித்தியாசம் சின்னன்தான், ஆனா நம்பலாம்.

கதிர் குடுக்கேக்க குட்டி அசையாமல் இருக்கக் குடுக்கிற மயக்க மருந்தையும் மறக்கக்கூடாது. 10 தரம் மயக்கினா குட்டி சாப்பாடு குறைச்சு, நிறை விழுந்து, கதிர் பட்ட கால், படாத கால் ரெண்டுமே மந்தமா வளரும். அதால ஒரு குழுவை 10 தரமும் மற்றதை 5 தரமும் மயக்கினா ஒப்பீடு பிழைச்சுப்போகும். கதிர் படாத குழுவையும் சேர்த்து எல்லாத்தையும் 10 தரம் மயக்குங்கோ. எக்ஸ்றேயில கால் கொஞ்சம் மடங்கினாலே என்பு குட்டையாத் தெரியும், கடைசியில என்பை எடுத்து கலிப்பரால அளக்கிறதுதான் திறம்.

இதே வளர்ச்சிக் கதை ஆக்களிலயும் வரும். பிள்ளையளுக்கு வாற சிறுநீரகப் புற்றுநோயான வில்ம்ஸ் கட்டிக்கு விலாப்பக்கம் 10.8 கிறேயை 1.8 படி 6 தரமாக் குடுக்கேக்க, முள்ளந்தண்டென்பின்ர முழு அகலத்தையும் கதிருக்குள்ள சேர்ப்பினம். பாதியில மட்டும் பட்டா மற்றப் பாதி வளர்ந்து முதுகு வளைஞ்சிடும்.