வானத்தைக் கறுப்பாக்கினால் ஏமாற்று வேலையா?

அடுத்த கேள்வி. "சார், பெரிய போட்டோகிராபர்கள் படத்தை எடிட் செய்வார்களா? நான் வானத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கினாலே ஏமாற்று வேலை என்கிறார்கள்" என்று ஒரு தம்பி கேட்டு, நிலா படம் ஒன்றும் அனுப்பியிருக்கிறார்.

செய்வார்கள் தம்பி, நன்றாகவே செய்வார்கள். ஆன்செல் ஆடம்ஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள், அமெரிக்க மலைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். 1941-இல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாகக் காரில் போகிறார். எதிரே நிலா ஏறிவிட்டது, முதுகுப் பக்கம் சூரியன் விழப்போகிறது, கல்லறைச் சிலுவைகள் மட்டும் கடைசி வெயிலில் பளிச்சென்று நிற்கின்றன. அடித்துப் பிடித்து 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவை மாட்டினால், வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரைக் காணோம்! நிலாவின் ஒளி அளவு அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்கு போட்டு, லென்ஸ் திறப்பை எஃப் 32 என்று சிறிதாக வைத்து, ஒரு விநாடி வெளிச்சம் கொடுத்தார். இன்னொன்று எடுக்க ஃபிலிம் செருகிய சட்டத்தை (ஹோல்டர்) மறுபக்கம் திருப்புவதற்குள் சிலுவைகளில் வெயில் போய்விட்டது. கையில் ஒரே நெகட்டிவ்.

சரி, உங்கள் கேள்விக்கான பதில் டார்க்ரூமில், அதாவது பிரிண்ட் போடும் இருட்டறையில் இருக்கிறது. அந்த நெகட்டிவை அப்படியே பிரிண்ட் போட்டால் வானம் வெளிறித்தான் இருக்கும். பேப்பரில் வெளிச்சம் அதிகம் விழுந்த இடம் கறுக்கும் அல்லவா? தரைப் பகுதியை அட்டையால் மறைத்துக்கொண்டு வானத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் வெளிச்சம் கொடுப்பார். அட்டையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கை நின்றால் கோடு விழும். போட்டோஷாப்பில் 'பர்ன்' என்று இருக்கிறதே, அதன் பூர்வீகம் இதுதான். வருடம் போகப் போக அவர் போட்ட பிரிண்ட்களில் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. எனக்கென்னவோ மேகம் தெரியும் பழைய பிரிண்ட்தான் பிடிக்கும், அது வேறு கதை.

அப்புறம், 1944-இல் ஆடம்ஸ் கலிபோர்னியாவின் லோன் பைன் ஊரில் எடுத்த மலைப் படம். அங்கே பள்ளிப் பிள்ளைகள் குன்றின் மேல் பெரிதாக வெள்ளையில் எழுதியிருந்த 'எல்பி' (ஊர்ப் பெயரின் முதலெழுத்துகள்) என்பதைப் படத்திலிருந்து அழித்தே விட்டார். அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். இது வானத்தைக் கறுப்பாக்குவது மாதிரி அல்ல, இருந்ததை இல்லை என்பது. நிலக்காட்சிப் படத்தில் செய்தால் நான் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடுவேன். செய்திப் படத்தில் செய்தால் வேலையே போகும்.

உங்கள் படத்தைப் பார்த்தேன் தம்பி. வானம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கோபுர ஓரத்தில் வெள்ளை விளிம்பு தெரிகிறது, பிரஷ் அங்கே கொஞ்சம் தவறியிருக்கிறது. அதை மட்டும் சரிசெய்து திரும்ப அனுப்புங்கள்.