துரும்பும் சாவியும்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, வெயிலைப் பாராமல் வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் ஐயா அவர்களே, தம் நாற்காலியையும் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நிற்கும் நூலகர் அவர்களே, எனக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்து இன்று முன்வரிசையில் அமர்ந்து என் தவறுகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். செயலாளரை விட்டுவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு அழைக்க மாட்டார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும். எந்த மேடை ஏறினாலும் இந்தப் பழமொழியைத்தான் சொல்வேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். இன்றைக்கு எனக்கு அந்த உரிமை உண்டு. நம் உயிரணுக்கள் இந்தப் பழமொழிப்படிதான் குடித்தனம் நடத்துகின்றன. பழுதான புரதம், ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்டிரியாவில் கிழடு தட்டியது என எதையும் வீணாக்குவதில்லை. இரட்டைச் சவ்வுப் பை ஒன்றில் சுருட்டி, லைசோசோம் என்னும் அமில அறைக்குக் கொண்டுபோய்ச் சிதைத்து, கிடைக்கும் அமினோ அமிலங்களை மறுபடி எடுத்துப் புழங்குகின்றன. லைசோசோமைக் கண்டறிந்த பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி துவ் 1963-இல் இதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயரிட்டார். நாம் தன்னுண்ணல் என்போம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். இந்த அறையின் கதவைத் திறப்பது யார்? குப்பை எது, சரக்கு எது என்று உயிரணுவுக்கு எப்படித் தெரிகிறது? புற்றுநோய் இதை எப்படித் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது?

முதலில் கதவு. எம்டார் என்று ஒரு புரதம் இருக்கிறது. களஞ்சியச் சாவியை இடுப்பில் செருகிய பெரிய வீட்டு அம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமினோ அமிலமும் இன்சுலினும் தாராளமாக இருக்கும்வரை, தன்னுண்ணலைத் தொடங்கிவைக்கும் யூஎல்கே-1 என்ற புரதத்தின்மேல் பாஸ்பேட் என்னும் சிறு வேதித் துண்டு ஒன்றை ஒட்டிப் பூட்டிவிடுவாள். ஏஎம்பிகே என்பது கணக்குப்பிள்ளை. ஆற்றல் கையிருப்பு குறைந்ததும் அவர் ஓடிவந்து அதே யூஎல்கே-1-இல் வேறு இடங்களில் பாஸ்பேட்டை ஒட்டுவார்; வேலை தொடங்கிவிடும். பூட்டுவதும் பாஸ்பேட், திறப்பதும் பாஸ்பேட்! த, ர, ம என்று மூன்று எழுத்து எழுதி, மூன்றாவதில் புள்ளி வைத்தால் தரம். இரண்டாவதில் வைத்தால் தர்ம. அடுத்து 'அடி' வருமென்று பின்வரிசை மாணவர்கள் சிரிக்கிறார்கள். புரிந்துவிட்டது என்று பொருள்.

இந்த அம்மாளைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் போக முடியாது. பசிபிக் பெருங்கடலின் நடுவே ஈஸ்டர் தீவு; அங்குள்ள மக்கள் ராப்பா நூயி என்பார்கள். 1964-இல் கனடாவிலிருந்து கப்பலில் சென்ற மருத்துவக் குழு அங்கிருந்து மண் அள்ளி வந்தது. வெறும் மண்! மான்ட்ரியல் நகரின் மருந்து நிறுவனமொன்றில் பணியாற்றிய சுரேந்திர நாத் சேகல் என்ற இந்தியரும் அவருடைய குழுவினரும் அந்த மண்ணின் பாக்டீரியாவிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். தீவின் பெயரால் அது ரபமைசின் ஆயிற்று. 1980-களின் தொடக்கத்தில் நிறுவனம் அந்த ஆய்வகத்தை மூடியது, ரபமைசினையும் கைவிட்டது. சேகலுக்கு மனம் வரவில்லை. கடைசியாக ஒருமுறை பாக்டீரியாவை வளர்த்து, குப்பிகளில் அடைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், குளிர்பெட்டியில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்! "சாப்பிடாதீர்கள்" என்று மேலே எழுதியும் வைத்தார். நம் வீடுகளில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இப்படி ஒன்றை வைத்துவிட்டு மறுநாள் தேடிப் பாருங்கள், தெரியும்! அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோதும் குப்பிகள் கூடவே பயணம் செய்தன. சில ஆண்டுகள் கழித்து, புதிய மேலாளர்களை இணங்கவைத்து ஆய்வைத் தொடர்ந்தார். 1999-இல் அது சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கான மருந்தாக அங்கே ஒப்புதல் பெற்றது. இதற்கிடையில், 1991-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மைக்கேல் ஹாலும் அவருடைய சகாக்களும், ரபமைசின் ஈஸ்டில் எதைத் தாக்குகிறது என்று தேடித்தான் டார் மரபணுக்களைப் பிடித்தார்கள்; நம் எம்டார் அம்மாளின் ஈஸ்ட் வீட்டு உறவு அந்த டார். துரும்பென்று தூக்கிப் போட்டது எவ்வளவு தூரம் உதவியது, பாருங்கள்.

ஜப்பானில் யோஷினோரி ஓசுமி ஒரு நுண்ணோக்கியோடு உட்கார்ந்திருந்தார். 1988-இல், சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் ஈஸ்டுக்கு லைசோசோம் போலிருக்கும் வெற்றிடக் குமிழுக்குள், தன்னுண்ணல் கொண்டுவந்து சேர்த்த சின்னச் சின்ன உருண்டைகள் நிறைந்து துள்ளிக்கொண்டிருந்தன. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் கண்ட காட்சி! பிறகு தன்னுண்ணலுக்குத் தேவையான 15 மரபணுக்களைக் கண்டறிந்தார். 1998-இல் அவருடைய ஆய்வகம் டாரை முடக்கும் ரபமைசினைக் கொடுத்தபோது, உணவு நிறைய இருந்தும் ஈஸ்ட் தன்னுண்ணலைத் தொடங்கிற்று. இரண்டு கதைகளும் அங்கே கைகோத்தன. 2016-இல் அவருக்கு நோபல் பரிசு. அது விரதத்துக்குக் கொடுத்த பரிசு என்று செல்பேசியில் வலம் வரும் செய்தியைத் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

சாதாரண ஒளி நுண்ணோக்கி என்றேன். நான் படித்த பள்ளியிலும் ஒன்று இருந்தது. ஐந்து ஆண்டுகளும் அதை அலமாரியின் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்தேன். பிள்ளைகள் தொட்டால் உடைந்துவிடுமாம். சாவி யாரிடம் இருந்தது என்று இன்றுவரை தெரியாது. எம்டார் அம்மாளாவது பசி வந்தால் பிடியைத் தளர்த்துகிறாள்! பேரூராட்சித் தலைவர் ஐயா புதிய கட்டடம் கட்டித் தருவதாகச் சொன்னார், மகிழ்ச்சி. கட்டடத்துக்கு முன்னால், ஊரில் உள்ள பள்ளி அலமாரிகளையெல்லாம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பூஞ்சை பிடித்த லென்சாக இருந்தாலும் துடைத்து எடுக்கலாம். சிறு துரும்பும்... சரி, நீங்களே முடித்துவிட்டீர்கள்.

செயலாளர் துண்டுச் சீட்டு நீட்டுகிறார். இரண்டாவதும் மூன்றாவதும் அவர் கணக்கில் போகட்டும்.

தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, திங்கட்கிழமை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் உங்கள் பள்ளிக்கு வருகிறேன். ஈஸ்டும் சர்க்கரையும் கண்ணாடித் தகடுகளும் நானே கொண்டுவருவேன். சாவியை மட்டும் நீங்கள் தேடி வையுங்கள்.