பென்சிலால் திருத்திய அட்டை

நேயர்களுக்கு வணக்கம். என் வயதுக்காரர்களில் தீப்பெட்டிப் படம் சேர்க்காதவர்கள் குறைவு. தெருவோரம் கிடக்கும் காலிப் பெட்டியை எடுத்து, படத்தைக் கிழியாமல் உரித்து, நோட்டுக்குள் வைத்துக்கொள்வோம். ஒரே படம் இரண்டு இருந்தால் பக்கத்து பெஞ்சுப் பையனிடம் போவோம். "சிங்கம் தர்றேன், ரயில் தர்றியா?" இந்தப் பேரம் ஞாபகம் இருந்தால் போதும். நான் இன்று பேசப்போகும் பேஸ்பால் அட்டைகள் உங்களுக்குப் புதிதாகத் தோன்றாது.

அமெரிக்காவில் நியூஜெர்சியில் 18 வருடம் வேலை பார்த்தேன். அங்கேதான் இந்த அட்டைகள் என்னைப் பிடித்துக்கொண்டன. பேஸ்பால் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அங்கே ஹோம் ரன் என்றால் இங்கே சிக்ஸர் மாதிரி, அவ்வளவு தெரிந்தால் சரி. அட்டையின் முன்பக்கம் ஆட்டக்காரரின் படம். பின்பக்கம் அவர் யார், எத்தனை அடித்தார் என்ற கணக்கு. முதலில், 1880-களில், சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே வைத்த அட்டையில்தான் படம் போட்டார்கள். பிறகு மிட்டாய், அப்புறம் பபிள்கம். 1952-ல் டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி 407 அட்டைகள் கொண்ட பெரிய வரிசையைப் போட்டது. அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் சை பெர்கர். அந்த வரிசையின் கடைசிப் பகுதி சீசன் முடியும் நேரத்தில் கடைக்கு வந்ததால் தேங்கிப்போனது. வருடக்கணக்காகக் கிடங்கை அடைத்துக்கொண்டிருந்த மிச்சத்தை 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்தக் கடைசிப் பகுதியின் முதல் அட்டை, 311-ம் எண், மிக்கி மேன்ட்டில் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரருடையது. அதில் நல்ல நிலையில் தப்பிய ஒரு பிரதி 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

விலையைச் சொன்னதும் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது விலையைப் பற்றி அல்ல. என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்த அட்டையை எந்த ஏலக்காரரும் சீண்டமாட்டார். அது 1960-ம் வருட டாப்ஸ், ராக்கி கொலவிட்டோவின் அட்டை.

கொலவிட்டோ க்ளீவ்லாந்து ஊரின் செல்லப்பிள்ளை. 1959-ல் 42 ஹோம் ரன் அடித்து, அமெரிக்கன் லீக்கில் முதலிடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டவர். 1960 ஏப்ரலில், சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, க்ளீவ்லாந்து அணி அவரை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஹார்வி க்யூன் என்பவரை வாங்கிக்கொண்டது. க்யூனும் சாதாரண ஆள் இல்லை, முந்தின வருடம் அந்த லீக்கில் பேட்டிங் சராசரியில் முதலிடம். நம் சிங்கமும் ரயிலும் போலத்தான், பெரியவர்கள் ஆட்களையே மாற்றிக்கொண்டார்கள். ஊரே கொதித்தது. ஆனால் அட்டை முன்பே அச்சாகிவிட்டதே! அதில் அவர் இன்னும் க்ளீவ்லாந்துக்காரர்தான்.

என் அட்டையில் யாரோ ஒரு பையன் க்ளீவ்லாந்து என்ற பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டு, மேலே டெட்ராய்ட் என்று எழுதியிருக்கிறான். எழுத்துகள் ஒன்றுக்கொன்று உயரம் சேரவில்லை. ஓரிடத்தில் பென்சிலை அழுத்தியதில் அட்டை குழிந்திருக்கிறது. எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும். செய்தி கேட்ட அன்றைக்கே எழுதினானோ, ஒரு வாரம் பொறுத்து எழுதினானோ. அந்தக் குழியைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பையன் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

இது எனக்கு வந்ததும் மாற்றாகத்தான். ஒரு சின்ன ஊரின் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை அட்டைச் சந்தை நடக்கும். அங்கே ஒரு பெரியவர் மேசை போட்டிருப்பார். காசை நீட்டினால் வாங்கமாட்டார். "உன்னிடம் என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்பார். மூன்று ஞாயிறு நடந்தேன். கடைசியில் 1957 வரிசையில் அவருக்கு வேண்டியிருந்த, பேர் தெரியாத ஆட்டக்காரர் ஒருவரின் அட்டை என்னிடம் இரண்டு இருந்தது. ஒன்றைக் கொடுத்தேன். அவர் தன் பட்டியலில் அந்த எண்ணை அடித்துவிட்டு, கொலவிட்டோவை என் பக்கம் நகர்த்தினார். "கிறுக்கின அட்டை, பரவாயில்லையா?" என்று கேட்டார். அதற்காகத்தான் ஐயா வந்தேன் என்றேன்.

இங்கே இன்னொருவரைச் சொல்லியே ஆகவேண்டும். ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சைரக்யூஸ் பகுதிக்காரர். கடுமையான மூட்டுவாதம், விரல்கள் மடங்கிப்போயிருந்தன. தொழிற்சாலைச் சம்பளத்தில் காலம் தள்ளியவர். அச்சடித்த அட்டை எதையும் விடமாட்டார்: சிகரெட் அட்டை, மிட்டாய் அட்டை, தபால் அட்டை, விளம்பர அட்டை. சேர்த்ததோடு நிற்காமல் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போட்டார். இன்று சேகரிப்பாளர்கள் ஒரு பழைய வரிசையை டி206 என்று சொல்கிறார்களே, அந்தப் பெயர் அவர் வைத்தது. டி என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை, 206 அவர் கொடுத்த எண். அட்டை மாற்றிக்கொள்ளும் இரண்டு பேர் இன்றைக்கும் அவர் பாஷையில்தான் பேசுகிறார்கள்.

1947-ல் தொடங்கித் தன் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 3 லட்சத்துக்கு மேல், அதில் பேஸ்பால் மட்டும் 30,000-க்கு மேல். அவரே ஒழுங்குபடுத்தித் தரவேண்டும் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள். அந்த விரல்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஆல்பத்தில் ஒட்டினார். வருடக்கணக்கில் ஒட்டினார். 1963 ஜனவரியில் கடைசி அட்டையை ஒட்டி முடித்து, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் காலமானார். மைதானத்துக்குப் போய் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்த அருங்காட்சியகத்தில் அவர் அட்டைகள் சிலவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் நேரில் பார்த்தேன். ஒட்டிய கையை நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

வானொலி நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஹோனஸ் வாக்னர் என்ற பழைய ஆட்டக்காரரின் அட்டையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். அது டி206 வரிசையைச் சேர்ந்தது. தன் படத்தைப் போட அவர் மறுத்ததால் அச்சடிப்பது பாதியில் நின்றது. சிறுவர்கள் சிகரெட் வாங்கக் கூடாது என்று மறுத்தார் என்பார்கள், பணம் தராததால் மறுத்தார் என்றும் சொல்வார்கள். மிஞ்சியவை சில டஜன்தான். அவற்றில் மிகப் பிரபலமான பிரதியின் ஓரத்தைத் தானே வெட்டிச் சீராக்கியதாக அதை முன்பு விற்ற ஏலக்காரர் 2013-ல் ஒப்புக்கொண்டார். என் கொலவிட்டோ அட்டையில் அந்தப் பையன் பென்சிலால் எழுதினானே, அது அன்பு. விலைக்காகக் கத்தரி போடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

அமெரிக்காவில் உறவினர் வீட்டுப் பரணில் பழைய அட்டைப் பெட்டி கிடைத்தால் மூன்றே மூன்று சொல்கிறேன். ரப்பர் பேண்டு போடாதீர்கள், நடு ஓரத்தில் வெட்டு விழும். பசையோ செல்லோடேப்போ வேண்டாம். அழுக்காக இருந்தாலும் தண்ணீரில் நனைக்காதீர்கள், தீப்பெட்டிப் படத்துக்குச் செய்த வேலை இதற்கு ஆகாது. மாற்றிக்கொள்ளும்போது எப்படிப் பேசுவது என்று நாலு வார்த்தை வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. நன்றி, வணக்கம்.