ஓடினா மூளை செல் வளருமா? வலிப்பு உள்ளவங்களுக்கான நேரடி பதில்

வணக்கங்க. "தினமும் ஓடினா மூளையில புது செல் முளைக்கும், வலிப்பே போயிடும்"னு ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. ஓடுறது நல்லதுதான். ஆனா அதுக்குச் சொல்ற காரணம் அவசரப்பட்டுச் சொல்றது, இன்னும் உறுதியாகல.

ஹிப்போகாம்பஸ், மூளையில ஞாபகத்துக்கு முக்கியமான பகுதி. டெம்போரல் லோப் வலிப்பு (மூளையோட பக்கவாட்டுப் பகுதியில தொடங்குற வலிப்பு) உள்ள பல பேருக்கு அது சுருங்கி, தழும்பாகிக் கிடக்கும். 1999ல சுண்டெலிகளைச் சக்கரத்துல ஓட விட்டப்போ, அதே இடத்துல புது நரம்பு செல் கூடுச்சு. மனுஷங்களுக்கு? பெரியவங்க மூளையில புது செல் உருவாகுதான்னு பாத்த ரெண்டு ஆய்வு, 2018ல ஒண்ணுக்கொண்ணு நேர் எதிரா முடிவு சொல்லிச்சு. 2011ல முதியவங்க 120 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதியை வாரம் 3 நாள், 40 நிமிஷம் வரைக்கும் ஒரு வருஷம் நடக்க வச்சாங்க. நடந்தவங்க ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருசாச்சு. ஆனா அது வலிப்புக்காரங்களை வச்சு பண்ண ஆய்வு இல்ல. அளவு கூடுறதும் புது செல் பிறக்கறதும் ஒண்ணு இல்ல. ரத்தக்குழாய் கூடினாலும் அளவு கூடும்.

இன்னொரு சிக்கல். விலங்குகள்ல கடுமையான வலிப்புக்கு அப்புறம் புது செல் தானாவே ஏராளமா பிறக்குது. பிறந்து, தப்பான இடத்துக்குப் போய், தப்பா இணைப்பு போட்டுக்குது. அதனால எண்ணிக்கையை மட்டும் பாத்து சந்தோஷப்பட முடியாது. வலிப்பு உண்டாக்கின எலிகள் தொடர்ந்து ஓடினப்போ வலிப்பு குறைஞ்சதுன்னு காட்டின ஆய்வுகள் இருக்கு, அது நம்பிக்கையான விஷயம். மனுஷங்களுக்கு இப்போதைக்கு உறுதியா சொல்லக்கூடிய லாபம் இதயம், தூக்கம், மனநிலை. ஓட இது போதாதா?

அடுத்தது மூச்சு பயம். இ.இ.ஜி. (மூளையோட மின் அலைகளைப் பதிவு பண்ற டெஸ்ட்) எடுக்கும்போது 3 நிமிஷம் வேகமா மூச்சு விடச் சொல்லி வலிப்பைத் தூண்டிப் பாப்பாங்க. அப்போ ஓடினாலும் வருமான்னு கேக்கறீங்க. உக்காந்த இடத்துல வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு சரிஞ்சிடும், அதுதான் வலிப்பைத் தூண்டுது. ஓடும்போது தசை அதைத் தயாரிச்சுக்கிட்டே இருக்கு, மூச்சு அதை வெளிய தள்ளுது. ரெண்டும் வேற வேற. பெரும்பாலானவங்களுக்கு ஓட்டத்தால வலிப்பு கூடாது. சிலருக்குத் தூண்டும், அவங்க நியூரோ டாக்டர்கிட்ட பேசிட்டுதான் இறங்கணும்.

இப்போ அளவு. கடைசி இலக்கு வாரம் 150 நிமிஷம். தொடக்கத்துல 10 நிமிஷ நடை, வாரம் 3 நாள். வாரா வாரம் ஒவ்வொரு நாள் நடையிலயும் 5 நிமிஷம் ஏத்துங்க. வேகம் எவ்வளவுன்னா, பேச முடியணும், பாட முடியக்கூடாது. முன்னாடி 5 நிமிஷம் மெதுவா, முடிக்கும்போதும் 5 நிமிஷம் மெதுவா. படக்குன்னு நின்னா தலை சுத்தும், அதை வலிப்புன்னு நினைச்சு பயந்துடுவீங்க.

வலிப்பு இன்னும் கட்டுக்குள்ள வரலையா? டிரெட்மில்லை விட, சாய்ஞ்சு உக்காந்து மிதிக்கிற சைக்கிள் நல்லது. டிரெட்மில்தான்னா, அந்த சிவப்புக் கிளிப்பைச் சட்டையில மாட்டாம ஏறாதீங்க. விழுந்தா மெஷின் தானா நிக்கிறது அதனாலதான். நீச்சல் தனியா வேண்டவே வேண்டாம். கூட இருக்கறவருக்கு உங்களைத் தண்ணியிலேர்ந்து தூக்கத் தெரிஞ்சிருக்கணும், சும்மா கரையில நிக்கிறவர் போதாது.

வலிப்புக்கு எடுக்கிற மாத்திரையையும் பாருங்க. டோபிராமேட், சோனிசமைட் வியர்வையைக் குறைக்கும், உடம்பு சூடாயிடும். வெயில் நேரத்தைத் தவிருங்க. கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின் ரத்தத்துல சோடியத்தைக் குறைக்கலாம். அதுக்கு மேல லிட்டர் கணக்குல வெறும் தண்ணி குடிச்சா இன்னும் குறையும், குறைஞ்ச சோடியமே வலிப்பைக் கிளப்பும். தாகத்துக்குக் குடிங்க, அவ்வளவுதான். ஃபெனிடாயின் பல வருஷமா எடுத்தா எலும்பு பலவீனமாகலாம்; கயிறு குதிக்கறதுக்கு முன்னாடி எலும்பு அடர்த்தியைப் பாத்துக்கோங்க.

ராத்திரி தூக்கம் கெட்டிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, மாத்திரை விட்டுப் போயிருந்தாலோ அன்னிக்கு லீவு.

கூட வர்றவருக்கு முன்னாடியே சொல்லி வைங்க: வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் திணிக்கக்கூடாது, கடிகாரத்தைப் பாக்கணும். 5 நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ். பயிற்சியோட நேரம், வேகம், வலிப்பு வந்தா ஓடும்போதா, நிறுத்தின அப்புறமா, இதெல்லாம் குறிச்சு வைங்க. அடுத்த தடவை டாக்டரைப் பாக்கும்போது அந்த நோட்டைக் காட்டுங்க.