வெங்காயம் உரிக்கச் சொன்னால் என்ன?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நண்பர்கள் கூடிச் சாப்பிடச் சிறந்த இடம் வீடா, ஓட்டலா? வீடுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் சற்று முன் பெரிய கைதட்டல் வாங்கினார். "சாப்பிட வா என்று வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். போனால் கையில் கத்தியைக் கொடுத்து வெங்காயம் உரிக்கச் சொல்வார்கள். எந்த ஓட்டலிலாவது இந்தக் கொடுமை உண்டா?" என்று கேட்டார்.

இல்லை ஐயா, ஓட்டலில் இல்லை. அங்கே நீங்கள் வாடிக்கையாளர். வேலை சொல்லும் உரிமை உறவு இருக்கிற இடத்தில்தான் வரும். வெங்காயத்தை நறுக்கினால் ஒரு வாயு கிளம்பிக் கண்ணைக் கரிக்கும். நறுக்குகிறவர் கண்ணை மட்டுமா? பக்கத்தில் நிற்பவர் கண்ணையும்தான். நான்கு பேர் சேர்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற பிறகு, அங்கே யாருக்கு யார் அந்நியர்?

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறு நண்பர்கள், ஒரு பாத்திரம் குழம்பு. முதல் ஆள் கிளறினார், உப்பு போட்டார். சரி. போன் வந்தது, வெளியே போனார். இரண்டாவது ஆள் வந்தார். "யாரும் உப்பு போடவில்லை போல" என்று அவர் போட்டார். சரி. மூன்றாவது ஆள் வந்தார். நீங்களே சொல்லுங்கள், அவர் என்ன செய்திருப்பார்? போட்டார்! நான்காவது ஆள்தான் ருசி பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். அப்புறம் மெதுவாக, "யாருப்பா உப்பு போட்டது?" என்றார். மூன்று கைகள் உயர்ந்தன.

உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்றார் ஒருவர். போட்டோம். கிழங்கு உப்பை மட்டும் தனியாகவா இழுக்கும்? தண்ணீரையும் சேர்த்துத்தான் இழுக்கும். மிச்சக் குழம்பு அதே கரிப்பில் நின்றது. அளவைக் கூட்டுவதுதான் வழி. தண்ணீர் ஊற்றினோம், காய் சேர்த்தோம், பருப்பு சேர்த்தோம், இன்னொரு பாத்திரம் எடுத்தோம். ஆறு பேர் குழம்பு பன்னிரண்டு பேர் குழம்பாகிவிட்டது. ஓட்டலில் உப்புக் கரித்தால் தட்டு திரும்பிப் போகும். எங்களுக்கு உப்புக் கரித்ததால், அக்கம்பக்கத்துக் கதவையெல்லாம் போய்த் தட்டினோம்.

எதிர்வீட்டில் ஒரு பெரியவர், தனியாக இருப்பவர். அதுவரை படியில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். வந்து உட்கார்ந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டு, "இந்தச் சத்தத்தோடு சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு" என்றார்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார் 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அடிக்கடி பிறரோடு சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருக்கிறார்கள், தாங்கிப்பிடிக்க அவர்களுக்கு நண்பர்களும் அதிகம் என்கிறது அது. எனக்கு அந்தப் பெரியவர் நிறுத்திய கை போதும், நடுவர் அவர்களே.

அடுத்த முறை ஒரு மணிக்குச் சாப்பாடு என்று அவரிடம் சொல்லியிருந்தோம். பதினொரு மணிக்கே மணி அடித்தது. கதவைத் திறந்தால், கையில் தன் வீட்டுக் கத்தியோடு நிற்கிறார்.

"வெங்காயம் எவ்வளவுப்பா உரிக்கணும்?"