கடவுச்சொல்லிலிருந்து குறியாக்கச் சாவி: பிஎச்பியில் செய்யும் முறை

[திரை: உள்நுழைவுப் பக்கம்]

தோவாளைப் பூச்சந்தை வியாபாரிகளின் பற்று வரவைக் குறியாக்கி வைக்கும் செயலி ஒன்றை நாகர்கோவில் நிரலாளர் ஒருவர் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதுகிறார் என்று கொள்வோம். ஒரு வியாபாரி வைத்த கடவுச்சொல் 'தோவாளை1956'. ஊர்ப் பெயரும், கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த ஆண்டும் சேர்ந்தது என்பதால், உள்ளூர்க்காரர் எவரும் ஊகித்துவிடுவார்.

குறியாக்கத்திற்குத் தேவையானது கணிக்க இயலாத 32 பைட் சாவி. கடவுச்சொல்லை எஸ்எச்ஏ256 என்ற ஹாஷ் கணக்கில் ஒருமுறை செலுத்தினாலும் 32 பைட் கிடைக்கும். ஆனால் அந்தக் கணக்கை ஒரு கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல கோடி முறை போட்டுப் பார்க்கும். ஆகவே ஒவ்வொரு ஊகத்திற்கும் நேரமும் நினைவகமும் செலவாகும்படி செய்ய வேண்டும்.

[திரை: சோடியம் செயற்கூறு]

பிஎச்பி 7.2 முதல் உடன் வரும் சோடியம் குறியாக்க நூலகத்தில் உள்ள ஆர்கான்2ஐடி என்ற சாவி ஆக்கும் முறை இதைச் செய்கிறது. கடவுச்சொல்லோடு சேர்க்கும் சீரற்ற 16 பைட்டான சால்ட்டை ரேண்டம்_பைட்ஸ் செயற்கூறு மூலம் உருவாக்கி, குறியாக்கிய தரவுடனேயே சேமிக்கலாம், அது இரகசியமன்று. நினைவக வரம்பில்தான் யோசனை தேவை: நூலகம் தரும் நடுத்தர அளவு ஒரு நுழைவுக்கு 256 எம்பி என்பதால், சந்தை கூடும் அதிகாலையில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் 2 ஜிபி போய்விடும். மலிவு வாடகை சர்வருக்கு 64 எம்பி வரம்பே பொருந்தும்.

சாவி ஆக்கும் பழைய முறையான பிபிகேடிஎஃப்2 நினைவகத்தைக் கேட்பதில்லை. எஸ்எச்ஏ256உடன் 6,00,000 சுற்றுகளை இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் பரிந்துரைக்கிறது. பிஎச்பியில் அதைப் பயன்படுத்துவோர் சிக்கும் ஒரு கண்ணி உண்டு. நீளம் 32 என்று கொடுத்து, பைனரி வெளியீட்டைக் கேட்காமல் விட்டால், வருவது 32 ஹெக்ஸ் (பதினாறடிமான) எழுத்துகள், பைட்டுக்கு இரண்டு எழுத்து என்பதால் உண்மையில் 16 பைட். குறியாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் அதையே 256 பிட் சாவியாக ஏற்றுக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. புதிதாக எழுதுவோர் பிபிகேடிஎஃப்2 பக்கம் போகாதிருப்பதே நல்லது.

[திரை: 'தோ' என்பதன் பைட்டுகள்]

தமிழ்க் கடவுச்சொல்லுக்கு இன்னொரு சிக்கல். 'தோ'வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. யூடிஎஃப்-8இல் முதலாவது 3 பைட், மற்றது 6 பைட். கைப்பேசியில் ஒரு வகையும் கணினியில் மற்ற வகையும் தட்டச்சானால் சாவியே வேறாகி, கணக்கு திறக்காது. எனவே சாவி ஆக்குமுன், பிஎச்பியின் இன்ட்ல் நீட்சியில் உள்ள நார்மலைசர் கொண்டு கடவுச்சொல்லை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்திற்கு மாற்ற வேண்டும்.

கடவுச்சொல் மாறும்போது எல்லாத் தரவையும் மீண்டும் குறியாக்காதிருக்க, தரவுக்குத் தனியே ஒரு சீரற்ற சாவியை உருவாக்கி, கடவுச்சொல்லில் பிறந்த சாவியால் அதை மட்டும் பூட்டிவைத்தால் போதும்.