சேவலும் குளக்கட்டும்: உரோம் சூறையாடப்பட்ட வரலாறு

(சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே! பிள்ளையார் கோயில் பரிபாலன சபைத் தலைவர் ஐயா அவர்களே! வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களே! எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கமநல அபிவிருத்தி உத்தியோகத்தர் அவர்களே! வித்தியாலய அதிபர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, கமக்காரர் அமைப்பின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, மாதர் சங்கத் தாய்மாரே, வேலியோரம் நிற்கும் தம்பி தங்கையரே, அனைவருக்கும் வணக்கம். மங்கல விளக்கை ஏற்றிவைத்த மூத்த கமக்காரர் ஐயாவுக்கும், மாலையில் தேநீர் தந்த தாய்மாருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

உரோம் நகரம் சூறையாடப்பட்ட வரலாற்றைப் பேசுமாறு நிருவாக சபையினர் கேட்டார்கள். மூன்று விடயங்களைச் சொல்லப்போகிறேன். அரசன், மதில், தண்ணீர். மூன்றுக்கும் பொருந்துகிற ஒரு பழமொழி நம்மிடம் இருக்கிறது: வெள்ளம் வருமுன் அணை கோலு.

கி.பி. 408 ஓகஸ்டில் உரோமின் சேனாதிபதி ஸ்டிலிக்கோவுக்கு அவருடைய பேரரசே மரண தண்டனை கொடுத்தது. அதோடு நிற்கவில்லை. உரோமப் படையில் சேவகம் செய்த அயற்குலத்து வீரர்களின் மனைவி மக்களை இத்தாலிய நகரங்களில் வெட்டிச் சாய்த்தார்கள். அந்த வீரர்கள் வேறெங்கே போவார்கள்? விசிகொத்துகள் என்ற செர்மானியக் குலத்தாரின் அரசன் அலாரிக்கிடம் போனார்கள். அவன் உரோமை வளைத்தான். மதிலை அவன் இடிக்கவில்லை. தைபர் ஆற்றை மறித்தான், தானியம் வருவது நின்றது. நகரத்தில் பங்கீட்டு உணவு முதலில் பாதியானது, பிறகு மூன்றிலொன்றானது.

தூது போனவர்கள், “எங்கள் சனத்தொகை பெரிது, ஆயுதம் எடுப்பார்கள்” என்று வெருட்டிப் பார்த்தார்கள். “புல் அடர்ந்திருந்தால் அரிவது சுலபம்” என்றான் அலாரிக். விலகிப் போக அவன் கேட்ட விலையைக் கேளுங்கள்: 5,000 இறாத்தல் பொன், 30,000 இறாத்தல் வெள்ளி, 4,000 பட்டாடை, செஞ்சாயம் தோய்த்த 3,000 தோல், 3,000 இறாத்தல் மிளகு. உரோம இறாத்தல் ஏறக்குறைய 327 கிராம். ஆக மிளகு மட்டும் ஒரு தொன்னுக்குச் சற்றே குறைவு! யவனர் கலங்கள் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பிய நம் தென்கரைச் சரக்கு, ஒரு பேரரசின் தலைநகரை மீட்கும் பணயத்தில் பொன்னுக்கும் பட்டுக்கும் பக்கத்தில் இருந்தது. பணயம் போதாமல் கோயிற் சிலைகளை உருக்கினார்கள். உருக்கியவற்றில் வீரத்தின் தெய்வச் சிலையும் ஒன்று.

இவ்வளவும் நடக்கும்போது பேரரசன் ஒனோரியஸ் எங்கே? சதுப்பு நிலம் சூழ்ந்த இரவென்னா நகரில், பத்திரமாக. அங்கே அவன் கோழி வளர்த்தான். நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் ஒரு கதை சொல்கிறார். நடந்ததோ, சனங்கள் கட்டியதோ, கேட்க வேண்டிய கதை. அரசனிடம் ஒரு செல்லக் கோழி. பெரியது. அதற்கு அவன் வைத்த பெயர் உரோம். விடியலில் தானியத்தைக் கையில் வைத்து நீட்டுவான், அது ஓடிவந்து கொத்தும். ஒருநாள் கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியன் மூச்சிரைக்க ஓடி வந்தான். “அரசே, உரோம் அழிந்துவிட்டது!” அரசன் பதறினான். “என்னடா சொல்கிறாய்? இப்போதுதானே என் கையில் கொத்தித் தின்றது!” ஊழியனுக்கு விளங்கிவிட்டது. “அரசே, நான் சொல்வது கோழியை அல்ல. உரோம் நகரத்தை. அலாரிக் புகுந்துவிட்டான்.” அரசன் பெருமூச்சு விட்டான். “அட, கோழி செத்துப்போச்சாக்கும் என்று நினைத்தேன்.”

தாய்மாரே, கோழி வளர்ப்பது பிழையா? இல்லை. நம் வளவில் கோழி நிற்காத வீடு எது? கோழிக்கு வைத்த பெயரை நகரத்துக்குரிய கவனமாக எண்ணிக்கொண்டதுதான் பிழை. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டியவன் கூட்டுக்குள் குந்தியிருந்தான்.

பணயம் வாங்கிப் போன அலாரிக் திரும்பி வந்தான். 410 ஓகஸ்ட் 24. சலாரியா வாயில் இரவில் திறக்கப்பட்டது. திறந்தது யார் என்பதற்கு இருவேறு கதைகள் உண்டு. மூன்று நாள் கொள்ளை. 455இல் கடல் வழியாக வண்டாலர் என்ற இன்னொரு குலத்தார் வந்தார்கள், 14 நாள் கொள்ளை. யூப்பித்தர் கோயிலின் பொன்முலாம் பூசிய வெண்கலக் கூரையில் பாதியைக் கழற்றிக் கப்பலேற்றினான் அவர்களுடைய அரசன் கைசரிக். கூரைத் தகடும் யன்னல் நிலையும் போய், சுவர் மட்டும் நின்ற வீடுகளுக்குத் திரும்பி வந்த சனங்கள் நாம். அதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தலைவர் அவர்கள் துண்டு அனுப்பியிருக்கிறார். மதிலைப் பற்றிச் சொல்ல இருந்ததை விட்டுவிடுகிறேன். தண்ணீரை விட முடியாது.

பொன் போன பிறகும் உரோமில் சனம் இருந்தது. 537இல் ஒஸ்திரகொத்து அரசன் விட்டிகிஸ் வந்து நீர்க்கால்வாய்களை வெட்டினான். உள்ளே இருந்த கிழக்கு உரோமப் பேரரசின் தளபதி பெலிசாரியஸ் கால்வாய் வாய்களைக் கல்லால் அடைத்தார். முந்திய ஆண்டில் நேப்பிள்ஸ் நகருக்குள் அவருடைய படை புகுந்ததே அப்படியொரு கால்வாய்க்குள்ளால்தான். அதே வழியில் எதிரி வந்துவிடுவான் என்ற பயம். கால்வாய் நீரில் சுழன்ற மாவு ஆலைகள் நின்றன. அவர் என்ன செய்தார்? பாலத்தடியில், நீரோட்டம் கடுமையாக இருந்த இடத்தில், கயிறு கட்டி இரண்டிரண்டு படகுகளை இரண்டடி இடைவெளியில் நிறுத்தினார். படகுகளில் ஆலைக்கல், நடுவில் நீர்ச்சக்கரம். விட்டிகிஸின் ஆட்கள் மரங்களையும் பிணங்களையும் ஆற்றில் விட்டுச் சக்கரத்தை உடைத்தார்கள். அவர் மேலே இரும்புச் சங்கிலி கட்டி அவற்றைத் தடுத்தார். கெட்டித்தனம்தான். ஆனால் மேட்டு நிலத்துக் குடிமனைகளுக்குத் தண்ணீர் ஏற்ற எந்தப் படகாலும் முடியவில்லை. ஒருகாலம் பத்து இலட்சம் பேர் வாழ்ந்ததாகக் கணிக்கப்படும் நகரம், ஆற்று வளைவோடு ஒட்டிய சில பத்தாயிரமாகச் சுருங்கியது.

அந்தக் கால்வாய்களை நூற்றாண்டுக் கணக்கில் காத்தது வாள் அல்ல. கி.பி. 97இல் நீர் அதிகாரியாக இருந்த புரொண்டினஸ் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்: பராமரிப்புக்கு மட்டும் 700 ஆட்கள். கால்வாய்த் தூண்களுக்கும் சுவருக்கும் இரு பக்கமும் 15 அடி, நிலத்தடிக் கால்வாய்க்கு 5 அடி, மரமும் கட்டடமும் கூடாது என்று சட்டம். வேர் கல்லைப் பிளக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நம் குளக்கட்டுக்கு எத்தனை அடி விட்டிருக்கிறோம்?

80 ஹெக்டயருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. உத்தியோகத்தர் ஐயா இங்கே இருக்கிறார். ஆனால் குளக்கட்டின் மேல் தினமும் நடப்பவர்கள் நாம். 2018 மார்கழி வெள்ளத்தைக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மறக்கவில்லை.

கட்டிலே வளர்ந்த பெருமரம் பட்டுப்போனால் வேர் உக்கும், உக்கிய இடம் குழாயாகும், தண்ணீர் அதற்குள்ளால் போகும். ஆகவே நாற்றாக இருக்கும்போதே கிண்டி எடுங்கள். கட்டிலே எழும் கறையான் புற்றை மேலால் தட்டிவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணாதீர்கள். அடிவரை தோண்டி, களிமண்ணை ஆறு அங்குலப் படையாகப் போட்டு, ஈரமாக்கி, ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்க வேண்டும். உலர்ந்த மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மிதித்தால் முதல் மழையிலேயே இறங்கும். மாடு ஏறும் தடம் கட்டின் உச்சியைப் பதிக்கும். தண்ணீர் அந்தப் பதிவைத்தான் தேடி வழியும். கட்டின் வெளியடியில் கசிவைக் கண்டால் நிறத்தைப் பாருங்கள். தெளிந்து வந்தால் கவனித்திருங்கள், கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது, அந்த நிமிடமே அறிவியுங்கள். இன்னொன்று, மனம் நோகாதீர்கள்: சிறுபோகத்துக்கு இன்னும் ஒரு அடி சேரட்டும் என்று குளத்தின் மிகுநீர் வழியும் வானிலே மண்மூட்டை அடுக்குகிறோம். வான் பாய முடியாத வெள்ளம் கட்டின் மேலால் பாயும். கட்டு மண்ணால் ஆனது, மேலால் பாய்ந்தால் நிற்காது. வெள்ளம் வருமுன் அணை கோலச் சொன்னவர்கள் வானை அடைக்கச் சொல்லவில்லை.

காலபோக மழைக்கு முன், குளம் வற்றிக் கிடக்கிற இந்த நாட்கள்தான் நேரம். வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு, குளத்து நீரைத் திறந்துவிடும் மதகான துருசடியில் கூடுவோம். மண்வெட்டி, காட்டுக்கத்தி, அலவாங்கு உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். இடிகட்டை ஆறு தேவை, இரண்டுதான் இருக்கிறது. துருசுத் திருகாணிக்குக் கிறீஸ் வாங்கியாயிற்று. பெயர் தருபவர்கள் இப்போதே மேடையின் வலப்பக்கம் செயலாளரிடம் எழுதுங்கள், வணக்கம்.